மூன்று சக்கரத்தில் ஒரு தனிக்குடித்தனம்

பெயிண்ட் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். டப்பாவுக்குள் இருப்பது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று விசாரிக்கிறவர்கள் குறைவு. மாப்பிள்ளை பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. எனக்கு இரண்டிலும் அனுபவம் உண்டு. பெயிண்டை நானே தேர்ந்தெடுத்தேன், மாப்பிள்ளையை என் அப்பா தேர்ந்தெடுத்தார். இரண்டும் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தன.

அப்போது பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் போய்விட்டான் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். காகிதத்தில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை, ஆகவே போகவில்லை என்று கோர்ட்டுப் பக்கம் சொன்னார்கள். போனானோ இல்லையோ, கப்பல் ஏறிய வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். புதுச்சேரியில் அந்த நாளில் யார் வீட்டில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் அரியாங்குப்பத்தில் ஒரு மிளகாய் வியாபாரி பியானோ வாங்கி, அதன்மேல் மிளகாய் மூட்டையை அடுக்கி வைத்திருந்தார். என் மூத்தார் (வீட்டுக்காரரின் அண்ணன், குடும்பத்தின் மன்னர்) ஒரு கார் வாங்கினார்.

கறுப்பு நிறம், நீண்ட மூக்கு, ஸ்டியரிங் இடது பக்கம். வெள்ளைக்காரன் அதைக் கடற்கரை பங்களாவில் பத்து வருஷம் நிறுத்தியிருந்ததால் உப்புக் காற்று அதன் சக்கரங்களை ஆசைதீரத் தின்றிருந்தது. மேலே மினுமினுப்பு, கீழே துரு. ஏரையும் மாட்டையும் தவிர வேறு எதையும் ஓட்டியறியாத மூத்தார், ஒரு லாரியில் கிளீனராக இருந்த தன் தம்பியை, அதாவது என் வீட்டுக்காரரை, டிரைவர் ஆக்கினார். இவரும் ஒரு காக்கிச் சட்டை தைத்துக்கொண்டார். கார் ஓடியதைவிட அந்தச் சட்டை ஓடியது அதிகம்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். என் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒதுக்கியது நெல் மூட்டை அடுக்கிய அறை. அதற்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. நெல்லை எலி தின்கிறதா என்று பார்க்க என் மாமியார் எந்த நேரத்திலும் விளக்கோடு உள்ளே வருவார். (எலியைப் பிடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.) சமையலறை ஜெகதா அக்காவின் ராஜ்யம். ஜெகதா அக்கா மூத்தாரின் மனைவி, எனக்கு ஓரகத்தி. எண்ணெயை அவள்தான் ஊற்றுவாள், உப்பை அவள்தான் போடுவாள், குழம்பு கெட்டுப்போனால் மட்டும் நான் வைத்த குழம்பு ஆகிவிடும். எனக்கு அந்த வயதில் நகை வேண்டும், புடவை வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு கதவு வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன், சாமியிடமும் இவரிடமும்.

சாமி கேட்டுக்கொண்டது. டவுனில் ஒரு முசே (பிரெஞ்சில் ஐயா) இருந்தார். தமிழர்தான், ஆனால் பரம்பரையாகப் பிரெஞ்சுச் சர்க்காருக்குப் பத்திரம் எழுதிய குடும்பம். வெயில் எவ்வளவு அடித்தாலும் கோட்டைக் கழற்ற மாட்டார். தொப்பியை மட்டும் சாப்பிடும்போது எடுப்பார் என்று சொல்வார்கள். அவருக்கு மாத வாடகைக்கு ஒரு காரும் டிரைவரும் தேவைப்பட்டது. டிரைவர் குடும்பத்தோடு அவர் வீட்டுப் பின்கட்டிலேயே தங்க வேண்டும். அங்கே இரண்டு அறைகள் சும்மா இருந்தன.

நான் அந்த அறைகளைப் போய்ப் பார்த்தேன். முசேயின் மனைவி, மதாம், சாவியைக் கொடுத்து அனுப்பினார். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, மூலையில் ஒரு உடைந்த நாற்காலி கிடந்தது. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு திறந்தேன், மறுபடி போட்டேன். வெளியே நின்ற இவர், "என்னா பண்ற உள்ள, தாப்பா ரிப்பேரா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் சந்தோஷ அழுகை. அடுப்பு எங்கே, தண்ணீர்ப் பானை எங்கே என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மதாம் ஒரே ஒரு குறை சொன்னார். "காரு நல்லாத்தான் இருக்குது. ஆனா சக்கரத்தப் பாத்தா குப்பமேட்டுல எடுத்த மாரி இருக்குது. பாஸ்கு ஞாயித்துக்கெழம கடலூர்ல எங்க தம்பி வீட்டுக்குப் போவணும். அதுக்குள்ள சக்கரத்துக்குப் பெயிண்ட் அடிச்சி எடுத்துட்டு வாங்க. அன்னைக்கு ஏறிப் பாத்துட்டு மத்ததப் பேசிக்கலாம்." (பாஸ்கு என்றால் ஈஸ்டர்.)

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் கூட்டம் கூடியது. என்ன நிறம் அடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இது ஒரு விஷயமா என்று இன்றைக்குக் கேட்பீர்கள். அந்த வருஷம் புதுச்சேரியில் யாருக்கும் சொந்தமில்லாத நிறம் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

"செவப்பு அடிச்சிடுவோம். தேர் மாரி இருக்கும்" என்றார் மூத்தார்.

"செவப்புன்னா மில்லு சங்கத்துக் கொடின்னுவாங்க. முசே காலத் தூக்கி உள்ள வைக்க மாட்டாரு" என்றார் இவர்.

"நீலம்?"

"பிரெஞ்சுக்காரன் கொடில நீலம் இருக்குது. அவனுக்கு வால் புடிக்கிறோம்னு பசங்க சேத்த வாரி அடிப்பானுங்க."

"அப்ப பச்ச அடி."

"பச்ச இந்தக் கொடில இருக்குது. முசே இன்னும் அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு முடிவு பண்ணல. நாம முடிவு பண்ணி அவர உக்கார வச்சா கோவம் வரும்."

கறுப்பு என்று நான் வாயைத் திறந்தேன். கறுப்பு அபசகுனம் என்றார் மாமியார். கறுப்புச் சட்டைக்காரர்கள் என்று நினைப்பார்கள் என்றார் மூத்தார். மஞ்சள் அடித்தால் அம்மன் கோயில் வண்டி என்று வழியில் நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவார்கள் என்றாள் ஜெகதா அக்கா. கடைசியில் மிஞ்சியது வெள்ளை. வெள்ளை இரண்டு கொடியிலும் இருந்தது, ஆகவே ஒருத்தரும் சண்டைக்கு வர முடியாது. வெறும் வெள்ளை சீக்கிரம் அழுக்காகும் என்பதால் துளி மஞ்சள் கலந்து பாலாடை நிறம் என்று தீர்மானம் நிறைவேறியது. ஒரு சர்க்காரே இவ்வளவு ஜாக்கிரதையாக நடந்திருக்காது. ஆனால் என்ன மாதிரியான பெயிண்ட் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

டவுனில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் காசிம் பாய். வாய் கொஞ்சம் நீளம். தான் பெயிண்ட் அடிக்காத கார் எதுவும் கார் அல்ல என்று நினைப்பவர். நானும் இவரும் அவருடைய கொட்டகைக்குப் போனோம். இவர் கூலி பேசிக்கொண்டிருக்க, நான் வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே யாருடைய காருக்கோ சக்கரம் கழற்றிப் போட்டிருந்தார்கள். காசிம் பாய் பம்பு வைத்த ஒரு குழலால் புகை மாதிரி பெயிண்டை ஊதினார். அவ்வளவு மெல்லிசு. ஊதுவதற்கு முன்பு நட்டு வந்து உட்காரும் ஓட்டைகளில் எல்லாம் கிரீஸை அப்பினார். அந்த ஓட்டையைச் சுற்றிலும், நடுவில் சக்கரம் காரோடு போய் ஒட்டும் இடத்திலும் பெயிண்டே பிடிக்கவில்லை. கிரீஸைத் துடைத்தபோது இரும்பு அம்மணமாகத் தெரிந்தது.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் யார் பெண்? என் அப்பா துறைமுகப் பட்டறையில் இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். கடலில் மிதக்கும் பீப்பாய்கள், சரக்குப் படகுகளின் இரும்பு, நங்கூரச் சங்கிலி, எல்லாம் அவர் கை பட்டவை. சின்ன வயதில் நானும் தம்பியும் அவருக்குத் தகர டப்பா பிடித்திருக்கிறோம், துருவைத் தேய்த்திருக்கிறோம். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் சாமி கும்பிட மறந்தாலும் மறப்போமே தவிர, இரும்பில் ஓரிடத்தை வெறுமையாக விட மாட்டோம். குண்டூசி முனை அளவு விட்டாலும் உப்பு அங்கே நுழைந்து முழு இரும்பையும் தின்றுவிடும். தடிப்பாக அடிக்க வேண்டும், காயவிட்டு மறுபடியும் தடிப்பாக அடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த உலகத்தில் இதுதான் பெயிண்ட்.

கொட்டகைக்கு வெளியே வந்ததும் இவரிடம் சொன்னேன். "அந்தாளு ஏமாத்தறாரு. நட்டு உக்கார்ற எடத்துல பெயிண்டே அடிக்கல. கிரீஸ வச்சி மறைக்கறாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

வீட்டுக்கு வந்ததும் இவர் அதை அப்படியே அண்ணனிடம் சொன்னார். காசிம் பாய் கேட்ட கூலி மூத்தாருக்கு ஏற்கெனவே பிடிக்கவில்லை. அவருக்கு இது பாயசம் குடித்த மாதிரி ஆகிவிட்டது. "அதான பாத்தேன்" என்றார். "அப்ப யாரு அடிக்கறது?" என்று கேட்டார் மாமியார். நான் நிமிர்ந்து நின்று, "நானே அடிக்கறேன். எங்கப்பாகிட்ட பெயிண்ட் வாங்கிட்டு வரேன். அது கடல்லயே கரையாது" என்றேன். அந்த வீட்டில் எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஜெகதா அக்காகூட அன்று எனக்கு ஒரு கரண்டி மோர் அதிகம் ஊற்றினாள்.

அப்பா டப்பாவைக் கொடுத்தார். கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியான வெள்ளைப் பெயிண்ட். காருக்கு என்று நான் சொன்னேனா, சொல்லவில்லையா என்பது பற்றி எனக்கும் அவருக்கும் அவர் சாகிறவரை தகராறு இருந்தது. இரும்புக்கு என்று சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம்.

இவர் சக்கரங்களைக் கழற்றி, காரைக் கல் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். நான் வேலையை ஆரம்பித்தேன். செங்கல் தூளும் தேங்காய் நாரும் வைத்துத் துருவைத் தேய்த்தேன். கை ரேகை அழிந்துவிட்டது. ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு. அதன்மேல் பாலாடை. காய்ந்ததும் மறுபடி. காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தேன், மேலே விரல் ஒட்டவில்லை, அது போதும் என்று நினைத்தேன். மறுபடி, மறுபடி. சக்கரத்தின் முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம். காசிம் பாய் விட்ட இடங்களைத் தேடித் தேடி இரண்டு பங்கு அப்பினேன். நட்டு ஓட்டைகளின் உதட்டில் ஒரு கோழி இறகை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பூசினேன். நட்டுகளையும் விடவில்லை, ஒவ்வொன்றையும் பெயிண்டில் முக்கி எடுத்து முறத்தில் காயவைத்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, பூரணம் வைத்த கொழுக்கட்டையா என்று கேட்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் நான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன் என்று ஜெகதா அக்கா சொல்வாள். இருக்கலாம். நான் சக்கரத்துக்கா பெயிண்ட் அடித்தேன்? பின்கட்டு அறைக்கு அல்லவா அடித்தேன்.

சனிக்கிழமை இவர் சக்கரங்களை மாட்டினார். நட்டை முடுக்க முடுக்க ஓட்டையிலிருந்து பெயிண்ட் நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. "பெயிண்ட் பிதுங்குதேங்க" என்றேன். "பெயிண்டப் பத்தி நீ பேசு. நட்டப் பத்தி நான் பேசறேன்" என்று சொல்லி, பிதுங்கியதைத் துண்டால் துடைத்துவிட்டு, ஸ்பானரை ஒரு தட்டு தட்டினார். "இறுகிடுச்சி பாரு. இனிமே ஆனை வந்தாலும் கழட்டாது." நான் சொன்னதையும் இவர் சொன்னதையும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

பாஸ்கு அன்று காலையில் காரைப் பார்க்கத் தெருவே கூடியது. பொய் சொல்லக்கூடாது, சக்கரம் அவ்வளவு அழகாக இருந்தது. மதாம் என்னையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார். பின்கட்டில் குடியிருக்கப் போகிறவள் எப்படிப்பட்டவள் என்று பார்க்க நினைத்திருப்பார். அவர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் முசே சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தார். "அலோர்" என்றார். (எதற்கும் அவர் அலோர் என்றுதான் ஆரம்பிப்பார்.) "ரொம்ப நேர்த்தியா இருக்குது. யார் செஞ்சது?"

"நம்ம வேலதான் முசே" என்றார் இவர். அப்போது மட்டும் நம்ம வேலை.

முசேயும் மதாமும் பின்னால் ஏறினார்கள். நான் முன்னால், என் மடியில் ஒரு பெரிய தட்டு. அதில் கத்தோ. மதாம் தம்பிக்காகத் தன் கையால் செய்த கேக், மேலே வெள்ளை வெளேரென்று சர்க்கரை பூசியிருந்தது. "பாத்துப் புடி மங்கா, ஆடாம புடி" என்றார் மதாம். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

டவுனைத் தாண்டும்போதே எனக்குச் சத்தம் கேட்டது. டிக், டிக் என்று இவர் பக்கத்து முன்சக்கரத்திலிருந்து. மெதுவாகச் சொன்னேன். "புது பெயிண்ட்டு. அப்படித்தான் இருக்கும்" என்றார். பெயிண்ட் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்கத் தோன்றியது. முசே பின்னால் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். ஆற்றுப் பாலத்தில் ஏறினோம், டிக் டிக் இப்போது டக் டக் ஆகியிருந்தது. ஸ்டியரிங் இவர் கையில் குதித்தது. "ஏங்க, சக்கரம் ஆடுது" என்றேன். "சும்மா வா. முசே காதுல வுழப்போவுது" என்று பல்லைக் கடித்தார்.

பாலம் இறங்கியதும் அரியாங்குப்பம், ரோட்டோரத்திலேயே எங்கள் வீடு. முசே எங்கள் வாசல் வழியாகப் போகப்போகிறார் என்று மூத்தார் பெரிய ஏற்பாடு செய்திருந்தார். இளநீர் சீவி வைத்துக்கொண்டு அவர் ரோட்டில் நின்றார். பக்கத்தில் மாமியார், ஜெகதா அக்கா, அண்டை வீட்டார் எல்லாரும் குளித்துத் தலைவாரி நின்றார்கள். மாட்டு வண்டிகள் குறுக்கே வந்ததால் இவர் வேகத்தைக் குறைத்தார். எங்கள் உயிர் அதனால்தான் தப்பியது.

அப்போது ஒரு சக்கரம் எங்கள் காரை முந்திக்கொண்டு போனது.

"யாரு வண்டி சக்கரமோ கழண்டு ஓடுது பாரு" என்றார் இவர், பரிதாபமாக.

"அலோர், அதுக்கும் நம்ம பெயிண்டாட்டம் இருக்குதே" என்றார் முசே.

(காரின் ஒரு பக்கம் தரையில் சரிவதற்குள் இவ்வளவு பேச நேரம் இருந்ததா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் சொல்கிறபடி சொல்கிறேன்.) கார் இடது பக்கம் பொத்தென்று இறங்கியது. இரும்பு ரோட்டைக் கீறிக்கொண்டு போகும் சத்தத்தை நான் இன்னும் தூக்கத்தில் கேட்கிறேன். கத்தோ என் மடியைவிட்டு எழும்பி, என் மார்பில் அடித்து, புடவையெல்லாம் பரவியது. முசேயின் தொப்பி முன் சீட்டுக்கு வந்துவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மதாம் மட்டும் கேக்கைப் பார்த்து அழுதார்.

சக்கரம் நிற்கவில்லை. இளநீரோடு நின்ற மூத்தாரை நோக்கி ஓடியது, அவர் துள்ளி ஒதுங்கினார். ரோட்டைவிட்டு இறங்கி, எங்கள் வீட்டுப் படலைத் தாண்டி, முற்றத்துக்குள் நுழைந்து, மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதி, ஒரு சுற்று சுற்றிப் படுத்துக்கொண்டது. ஒரு சேறு இல்லை, ஒரு கறை இல்லை, பாலாடை நிறம் பளபளவென்று இருந்தது. ஜெகதா அக்காதான் முதலில் பேசினாள். மாமியாரைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"அத்த, சின்னவ தனிக்குடித்தனம் போயிட்டுத் திரும்பி வந்துட்டா."

அந்தத் தெரு சிரித்த சிரிப்பு இருக்கிறதே. உடம்பெல்லாம் சர்க்கரையும் முட்டையுமாகக் காரிலிருந்து இறங்கி, நான் அந்தச் சிரிப்பின் நடுவில் நடந்து வீட்டுக்குள் போனேன். ஈ மொய்த்தது. என்னைக் கடலில் கொண்டுபோய்ப் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. என் பெயிண்ட் அங்கேயும் கரைந்திருக்காது.

முசே கௌரவமான மனிதர். ஒரு வார்த்தை திட்டவில்லை. இளநீரைக் குடித்தார், தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார், மதாமைக் கூட்டிக்கொண்டு ஒரு குதிரை வண்டியில் வீடு திரும்பினார். மறுநாள் ஆள் அனுப்பினார், கார் வேண்டாம், அறைகள் வேறு காரியத்துக்குத் தேவைப்படுகின்றன என்று. என்ன காரியம் என்று பிறகு தெரிந்தது. விறகு அடுக்கினார்கள். வேறு ஒரு டிரைவர் குடும்பம் வந்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். நான் அடுப்பு வைக்க நினைத்த இடத்தில் சவுக்குக் கட்டை கிடந்தது.

காசிம் பாயை வரவழைத்துச் சக்கரத்தைக் காட்டினார்கள். அவர் நட்டு ஓட்டையின் ஓரத்தை நகத்தால் கீறினார். மேலே தோல், உள்ளே திரட்டுப்பால் மாதிரி கொழகொழவென்று வந்தது. "இரும்பும் இரும்பும் நேரா ஒட்டணும்மா. நடுவுல இத்தினி பெயிண்ட்ட வச்சா, ஓட ஓட அது நசுங்கும். நசுங்குனா நட்டு தளந்துடும். அதுக்குத்தான் அங்க கிரீஸ வச்சி பெயிண்ட் புடிக்காம வுடறது. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு எறங்கி இன்னொரு தடவ முடுக்கவும் செய்யணும்."

"நீங்க கிரீஸ் வச்சத நான் பாத்தேன் பாய்" என்றேன்.

"பாத்தியல்ல? ஏன்னு கேட்டியா?" என்றார். "கூலி ஜாஸ்தின்னு எழுந்து போயிட்டீங்க. கேக்காதவங்களுக்கு நான் எதுக்கு சொல்றேன்?"

அவரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்ன கடைசி விஷயத்தை, இறங்கி இன்னொரு தடவை முடுக்க வேண்டும் என்றதை, யாரும் காதில் வாங்கவில்லை. மூத்தார் தம்பியைப் பார்த்து, "யாரு வேலடா இது?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளுக்குப் பாதி என்று சொல்லியிருந்தால் போதும். நானும் பார்க்காமல் விட்டுட்டேன் அண்ணே என்று ஒரு வாய் வார்த்தை. இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பெயிண்ட் அடிச்சது அவதான்" என்றார்.

கார் போனது, அறை போனது, அதெல்லாம் வலித்ததுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் மாதிரி எதுவும் வலிக்கவில்லை. தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உள்ளே இந்த மனுஷனோடுதானே இருக்க ஆசைப்பட்டேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

காரை மூத்தார் விழுப்புரத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு தனிக்குடித்தனம் என்ற பேச்சை எடுக்கவே முடியவில்லை. எடுத்தால் யாராவது ஒருவர் வாசலை எட்டிப் பார்த்து, "சக்கரம் வருதா?" என்பார்கள். என் பிள்ளைகள் அந்த நெல் அறையில்தான் பிறந்தார்கள். மாமியார் போனார், மூத்தார் போனார். சமையலறை இன்னும் ஜெகதா அக்காவுடையது. அவளும் நானும் சேர்ந்தே நரைத்துவிட்டோம்.

கதை மட்டும் நரைக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எதுவானாலும் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் அக்கா ஆரம்பிப்பாள். வருஷத்துக்கு வருஷம் சக்கரம் வேகமாக ஓடும். இப்போது அது இரண்டு ஆடுகளையும் ஒரு போலீஸ்காரரையும் தாண்டி வருகிறது. நானும் கொழுக்கட்டை வரும் இடத்தில் சிரித்துவைப்பேன். இவர் முதலிலிருந்து கடைசிவரை கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

போன மாதம் பேத்தியின் காதுகுத்தில் அக்கா இதைச் சொன்னாள். என் சின்ன மகனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவன் மனைவி முதல்முறையாகக் கேட்கிறாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன் அத்த, நட்டு முடுக்குனது யாரு?"

அக்கா பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள். இவர் எழுந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். எங்கள் வீட்டில் மாடு இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இந்த வீட்டில் இத்தனை காலமாக ஒருவருக்கும் வராத கேள்வி, வந்து மூன்று மாதம் ஆகாதவளுக்கு வந்திருக்கிறது. இந்த மாதிரிப் பெண்ணை இங்கே வைத்திருக்கக் கூடாது. மறுநாள் காலையில் மகனைக் கூப்பிட்டு, டவுனில் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவுள்ள வீடாகப் பார்த்து அவளை உடனே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.